மலையில் கிடக்கும் கல்வரம்பு எத்தனை டிகிரிக் குளிரைச் சொல்லும்?

கேள்வி இதுதான்: இன்று பனியே இல்லாத மலைப் பள்ளத்தாக்குகளைப் பார்த்துவிட்டு, இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே இப்போதைவிட ஆறு டிகிரி குளிர் அதிகம் என்று எழுதுகிறார்கள்; கல்லையும் மண்ணையும் பார்த்து டிகிரிக் கணக்கு எப்படி வரும்? மலைச்சரிவில் கிண்ணம்போல் குடைந்த பள்ளமும் அதற்குள் ஓர் ஏரியும் மட்டும் இருந்தால், அதை வைத்தே அப்படிச் சொல்லிவிட முடியுமா?

சுருக்கமான பதில்: எந்த நிலத்தோற்றமும் வெப்பநிலையைச் சொல்வதில்லை. பனிக்கட்டி எந்த உயரம் வரை இறங்கி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த உயரத்தை டிகிரியாக மாற்றுவது நாம் போடும் கணக்கு. அந்தக் கணக்கில் குளிருக்கு எவ்வளவு இடமோ, பனிப்பொழிவுக்கும் ஏறக்குறைய அவ்வளவு இடம் உண்டு. பனிப்பொழிவை மறந்துவிட்டுக் குளிரை மட்டும் எழுதும்போதுதான் நாம் செய்திகளில் படிக்கும் அந்த ஒற்றை எண் பிறக்கிறது.

முதல் வேலை, அங்கே பனியாறு உண்மையிலேயே இருந்ததா என்று உறுதி செய்வது. மொரைன் என்பது பனியாறு சுமந்துவந்து தன் ஓரங்களிலும் முனையிலும் விட்டுப்போன கல்மண் வரம்பு. ஆனால் ஒரு பெரிய நிலச்சரிவு கொட்டிய குவியலும் தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அச்சு அசலாக அப்படியே தெரியும். எனவே, ஓடை எங்கேயாவது அந்த வரம்பை அரித்து உள்பக்கத்தைத் திறந்துவிட்டிருக்கிறதா என்று தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். ஆறு கொண்டுவந்த படிவு என்றால் மணல் ஓர் அடுக்கு, கூழாங்கல் ஓர் அடுக்கு எனத் தரம்பிரிந்து கிடக்கும். பனியாற்றின் படிவில் அந்த ஒழுங்கு இருக்காது. மாவு போன்ற நுண்மண்ணுக்குள் விரல்நக அளவுக் கல்லும் வீட்டளவுப் பாறையும் ஒன்றாகவே புதைந்திருக்கும். அதிலிருந்து ஒரு கல்லை உருவிக் கழுவிப் பாருங்கள். அது ஆற்றுக் கூழாங்கல்லைப்போல் உருண்டையாகவும் இருக்காது, சரிவில் உடைந்து விழுந்த கல்லைப்போல் எல்லா முனையும் கூராகவும் இருக்காது. ஒன்றிரண்டு பக்கங்கள் மட்டும் இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம்போலத் தேய்ந்து தட்டையாகியிருக்கும்; அந்தத் தட்டையின்மேல் ஊசியால் இழுத்ததுபோல் மெல்லிய கீறல்கள் நீளவாக்கில் ஓடும். பனிக்கட்டியின் அடியில் சிக்கிய கல், படுகைப் பாறையோடு உரசிக்கொண்டே வந்ததன் தழும்பு அது. படுகைப் பாறையிலும் அதே கீறல்கள் இருக்கும். நுண்ணிய மணிகள் கொண்ட பாறையில் நகத்தை ஓட்டினாலே உணரலாம். கரடுமுரடான கிரானைட்டில் மேற்பரப்பு மணிமணியாக உதிர்ந்துவிடுவதால் கீறல்கள் அதிக காலம் தாங்குவதில்லை. ஆகவே கீறல் இல்லை என்பதால் பனியாறு இல்லை என்று முடிவு கட்டக்கூடாது.

மற்றொரு சாட்சி, அந்த மலையில் பிறக்காத பாறை. சுவிட்சர்லாந்தின் நூஷாட்டெல் நகருக்கு மேலே உள்ள ஜுரா மலை சுண்ணாம்புக்கல்லால் ஆனது. அதன் சரிவிலோ ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மான்ட் பிளாங்க் பகுதியைச் சேர்ந்த மாபெரும் கிரானைட் பாறைகள் கிடக்கின்றன. நடுவில் சுமார் 100 கிலோமீட்டர் தூரமும் ஓர் அகன்ற தாழ்நிலமும் உள்ளன. பெருவெள்ளம் உருட்டி வந்தது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பலரின் நம்பிக்கை. பனியாறுதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் ஒருவர் ழான் பியர் பெரோடின் என்ற மலைவாழ் வேட்டைக்காரர்; அவர் சொன்னதைப் பொறியாளர் வெனெட்ஸும், பின்னர் நிலவியலாளர் ஷார்பான்டியேயும் எடுத்துக்கொண்டார்கள். 1837இல் நூஷாட்டெலில் நிகழ்த்திய உரையில் இயற்கையியலாளர் லூயி அகாசி அதைப் பனியுகக் கொள்கையாக உலகின்முன் வைத்தார். பாடநூல்களில் பெரும்பாலும் அகாசியின் பெயர் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்பது வேறு கதை.

பனியாறு இருந்தது என்பது உறுதியான பிறகு, கணக்கு தொடங்குகிறது. பனியாற்றை ஒரு வரவு செலவுப் புத்தகமாக நினைத்துக்கொள்ளலாம். மேல்பகுதியில் விழும் பனி கோடையிலும் முழுதாக உருகாமல் எஞ்சுகிறது, அது வரவு. கீழ்ப்பகுதியில் விழுவதைவிட உருகுவது அதிகம், அது செலவு. ஓராண்டில் வரவும் செலவும் சரிக்குச் சரியாகும் உயரத்தைச் சமநிலைக்கோடு என்கிறோம். பனியாற்றின் முனை எங்கே நிற்கும் என்பது பள்ளத்தாக்கின் வடிவத்தைப் பொறுத்து மாறும்: மேலே அகன்ற பனிவயல் இருந்தால் நாக்கு வெகுதூரம் இறங்கும், குறுகலாக இருந்தால் இறங்காது. எனவே முனையின் உயரத்தை மட்டும் வைத்து இரண்டு பள்ளத்தாக்குகளை ஒப்பிடுவது தவறு. சமநிலைக்கோடு அப்படியல்ல, அது ஏறக்குறைய அந்த வட்டாரத்துக் காலநிலையின் சொத்து. ஆகவே தேட வேண்டியது முனையை அல்ல, இந்தக் கோட்டை.

உருகி மறைந்துபோன பனியாற்றுக்குச் சமநிலைக்கோட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வழிகள் அதிகம் பயன்படுகின்றன. பக்கவாட்டு மொரைன்களையும் முனை மொரைனையும் வரைபடத்தில் குறித்தால் பழைய பனியாற்றின் சுற்றெல்லை கிடைக்கும். அதன்மேல் பனிக்கட்டியின் மேற்பரப்பை உயரக்கோடுகளாக வரையலாம். இன்றைய பள்ளத்தாக்குப் பனியாறுகளை அளந்து பார்த்ததில், வரவும் செலவும் சமமாக உள்ள பனியாற்றின் பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் சமநிலைக்கோட்டுக்கு மேலே இருப்பது தெரிகிறது. ஆகவே, வரைந்த பரப்பை 60க்கு 40 எனப் பிரிக்கும் உயரக்கோட்டைத் தேடினால் போதும். இரண்டாவது வழி இன்னும் எளிது. சமநிலைக்கோட்டுக்கு மேலே விழும் கல், அடுத்தடுத்த ஆண்டுகளின் பனியால் மூடப்பட்டுப் பனிக்கட்டிக்குள் புதைந்து போகும். கோட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் மேற்பரப்பில் தலைகாட்டி ஓரத்தில் சேரும். ஆகவே பக்கவாட்டு மொரைன் தொடங்கும் மிக உயரமான புள்ளியே பழைய சமநிலைக்கோட்டின் உயரம் என்று கொள்ளலாம். வரம்பின் மேல்முனை செங்குத்துச் சரிவில் அமைந்து பின்னர் அரிக்கப்பட்டுவிட்டால் இந்த வழி உண்மையைவிடக் குறைந்த உயரத்தைத் தரும். அதனால் இதைத் தனியாக நம்புவதைவிட முதல் வழியோடு சரிபார்ப்பதே நல்லது.

ஒரு கணக்குக்கு எண்களை வைத்துப் பார்ப்போம். ஒரு மலைத்தொடரில் இன்றைய பனியாறுகளின் சமநிலைக்கோடு 3,100 மீட்டரில் இருக்கிறது. பக்கத்துப் பள்ளத்தாக்கின் பழைய மொரைன்களிலிருந்து வரைந்த பனியாற்றுக்கு அது 2,300 மீட்டரில் வருகிறது. வித்தியாசம் 800 மீட்டர். மலையில் 100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.6 டிகிரி செல்சியஸ் குறைகிறது. எட்டை 0.6ஆல் பெருக்கினால் 4.8 டிகிரி. இவ்வளவுதான் கணக்கு, 1,000 மீட்டர் வித்தியாசம் இருந்தால் கேள்வியில் வந்த ஆறு டிகிரி கிடைத்துவிடும்.

ஆனால் இந்தப் பெருக்கலுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: அன்றும் இன்றும் பனிப்பொழிவு ஒரே அளவு என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒரு டிகிரி வெப்பம் கூடினால், பனியாறு தன் இடத்தில் நிற்க ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலாகப் பனி பெய்ய வேண்டும் என்பது பனியாற்று ஆய்வாளர்களின் மதிப்பீடு. இதைத் திருப்பிப் போடுங்கள். அன்று பனிப்பொழிவு இன்றையதில் பாதிதான் என்றால், அதே 2,300 மீட்டரில் கோடு நிற்க இன்னும் சுமார் இரண்டு டிகிரி குளிர் தேவை, 4.8 என்றது ஏழுக்கு அருகே போய்விடும். பனிப்பொழிவு அன்று ஒன்றரை மடங்கு என்றால் மூன்றரை டிகிரிகூடப் போதும். ஒரே கல்வரம்பு, இரண்டு காலநிலைகள். குளிர்ந்த காற்று குறைவான ஈரத்தையே தாங்கும் என்பதால் பனியுகத்தின் உச்சத்தில் உலகின் பல இடங்கள் வறண்டிருந்தன. எனவே பனிப்பொழிவைக் கணக்கில் எடுக்காமல் சொல்லும் எண் பெரும்பாலும் குளிரைக் குறைத்துச் சொல்லும் பக்கமே சாயும் என்பது என் கணிப்பு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பனியாற்றை உருக்குவது முக்கியமாகக் கோடை வெப்பம். ஆகவே கிடைக்கும் டிகிரியும் கோடைக்கானதே. குளிர்காலம் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதைப் பற்றி அந்த மொரைன் வாய் திறப்பதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க, பனியாறு அல்லாத வேறொரு சாட்சி வேண்டும். ஏரிச் சேற்றில் புதைந்து கிடக்கும் கைரோனோமிட் என்ற கடிக்காத கொசு இனத்தின் புழுத்தலை ஓடுகள் அப்படி ஒரு சாட்சி. எந்த இனம் எந்தக் கோடை வெப்பத்தில் வாழும் என்பது இன்றைய ஏரிகளிலிருந்து தெரியும் என்பதால், சேற்றில் உள்ள தலை ஓடுகளின் கலவை அன்றைய கோடை வெப்பநிலையைத் தனியாகச் சொல்லிவிடும். வெப்பநிலை ஒரு பக்கமும் மொரைனிலிருந்து வந்த சமநிலைக்கோடு மறுபக்கமும் கையில் இருந்தால், மிச்சமாவது பனிப்பொழிவு மட்டுமே. சுமார் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்த இளைய டிரையாஸ் என்ற குளிர்க்காலத்துக்கு, ஸ்காட்லாந்து மலைகளில் இந்த முறையில் மழை, பனியின் அளவையே மதிப்பிட்டிருக்கிறார்கள். கல்வரம்பு வெப்பமானி என்பதைவிட மழைமானியாக அதிகம் பயன்படும் இடம் இது.

பாறைப் பனியாறு என்பது மற்றொரு துணை. பெயரில் பனியாறு இருந்தாலும் வெளியே தெரிவது முழுக்கக் கல்தான். கற்குவியலின் இடைவெளிகளை உள்ளே உறைந்த பனிக்கட்டி நிரப்பியிருப்பதால், அந்தக் குவியல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் முதல் ஓரிரு மீட்டர் வரை மெல்ல ஊர்ந்து இறங்கும். பனி அதிகம் பெய்யாத, ஆனால் நிலம் நிரந்தரமாக உறைந்திருக்கும் அளவுக்குக் குளிர்ந்த இடங்களில்தான் இது செழிக்கும். ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஓரிரு டிகிரியாவது இருக்க வேண்டும். ஊர்ந்துகொண்டிருப்பதன் முன்முகம் செங்குத்தாக, செடிகொடி பற்றாமல், புதிதாகச் சரிந்த மண்ணோடு இருக்கும். உள்பனி உருகிச் செத்துப்போனதன் முகம் தளர்ந்து, நடுவில் குழிவிழுந்து, புல்லும் மரமும் மூடியிருக்கும். இன்று உறைநிலமே இல்லாத தாழ்ந்த உயரத்தில் செத்த பாறைப் பனியாறு கிடந்தால், உறைநிலத்தின் எல்லை ஒரு காலத்தில் அங்கே வரை இறங்கியிருந்தது என்று பொருள். ஒரே காலத்து மொரைன் குறைவாகவும் பாறைப் பனியாறு மிகுதியாகவும் உள்ள மலை, குளிரோடு வறட்சியும் கண்ட மலையாகவே இருக்கும்.

இனி காலம். எந்த வரம்பு எந்தக் காலத்தது என்று தெரியாமல் டிகிரி சொல்வதில் பொருளில்லை. சில நூறு ஆண்டுகளுக்கு உட்பட்ட வரம்புகளுக்கு, பாறையில் படை போல் ஒட்டி வளரும் லைக்கன் உதவும். ரைசோகார்ப்பன் என்ற மஞ்சள் பச்சை நிற லைக்கன் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே வட்டமாக வளர்வதால், மிகப் பெரிய வட்டத்தின் விட்டம் பாறை வெளிப்பட்ட காலத்தைச் சொல்லும். ஆல்ப்ஸ் பனியாறுகளைச் சுற்றி, 1850ஐ ஒட்டி முடிந்த சிறு பனியுகத்தின் வரம்புகளை இப்படிப் பிரித்தறியலாம். பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பெரிலியம்-10 வேண்டும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் குவார்ட்ஸில் உள்ள ஆக்சிஜன் அணுவை உடைக்கும்போது பெரிலியம்-10 உருவாகிறது; கடல்மட்டத்தில் ஒரு கிராம் குவார்ட்ஸில் ஆண்டுக்கு வெறும் நான்கைந்து அணுக்கள், உயர்ந்த மலையில் பல மடங்கு. பாறைக்குள் போகப் போக இது வேகமாகக் குறைந்து, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். ஆகவே பனியாறு புதிதாகப் பெயர்த்தெடுத்து வரம்பின் முகட்டில் வைத்த பாறையில் கடிகாரம் சுழியத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது.

கடிகாரம் ஏமாற்றவும் செய்யும். வரம்பின் மண் நாளடைவில் கரைந்து, புதைந்திருந்த பாறை பிற்காலத்தில் தலைகாட்டினால் வயது குறைவாக வரும். மலைமுகத்தில் ஏற்கெனவே காஸ்மிக் கதிர்கள் படும்படி கிடந்த பாறை பனியாற்றின் முதுகில் விழுந்து வந்திருந்தால் வயது கூடுதலாக வரும். அதனால்தான் முகட்டில் நிலையாக ஊன்றி நிற்கும், ஒரு மீட்டருக்கு மேல் உயரமுள்ள பாறைகளாகப் பார்த்து, ஒன்றல்ல, பல பாறைகளின் மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டர் தடிமனுக்கு மாதிரி எடுக்கிறார்கள். ஒற்றைப் பாறையின் வயதை வைத்து ஒரு காலநிலைக் கதை எழுதப்பட்டிருந்தால், நான் அதைச் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

வயது சரி, வடிவமும் சரி. ஆனால் அந்த வரம்புக்கும் காலநிலைக்கும் தொடர்பே இல்லாமலும் போகலாம். நியூசிலாந்தின் பிரான்ஸ் ஜோசப் பனியாற்றின் முன்னே சமவெளியில் வளைந்து கிடக்கும் வைஹோ வளைவு என்ற மொரைன் இதற்குப் பெயர்போனது. அது இளைய டிரையாஸ் குளிரின் சாட்சியா என்று வெகுகாலம் வாதிட்டார்கள். தெற்கு அரைக்கோளமும் அப்போது குளிர்ந்ததா என்ற பெரிய கேள்வியே அதில் தொங்கிக்கொண்டிருந்தது. 2008இல் வெளியான ஓர் ஆய்வு அந்த வரம்பின் கற்களையே எடுத்துப் பார்த்தது. அந்தப் பனியாறு வழக்கமாகக் கொண்டுவருவது ஷிஸ்ட் என்ற தகடு தகடாகப் பிளக்கும் பாறை. வளைவிலோ பெரும்பகுதி கூர்முனை கொண்ட மணற்கல். மேலே ஒரு மாபெரும் பாறைச்சரிவு பனியாற்றின்மீது விழுந்து, அந்தக் கற்போர்வை உருகுதலைத் தடுத்ததால் பனியாறு முன்னேறியிருக்கலாம் என்று அது வாதிட்டது. போர்வை போர்த்திய பனியாறுகளுக்கு 60 சதவீதக் கணக்கும் செல்லாது. காரகோரத்தில் உள்ளதுபோல் சில பனியாறுகள் வெளியே எந்த மாற்றமும் இல்லாமல் திடீரென்று கிலோமீட்டர் கணக்கில் பாய்ந்துவிட்டு மீண்டும் அடங்குகின்றன. அவை விட்டுப்போகும் வரம்பும் குளிரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இவ்வளவு ஓட்டைகள் இருந்தும் இந்த முறையை ஒதுக்கித் தள்ள முடியாததற்குக் காரணம், ஒரு பெரிய வாதத்தில் இது கடைசிவரை நின்றது. 1970களிலும் 1981இலும் கிளைமாப் என்ற ஆய்வுத்திட்டம், கடலடிச் சேற்றில் உள்ள நுண்ணுயிர் ஓடுகளை வைத்து, கடைசிப் பனியுக உச்சத்தில் வெப்பமண்டலக் கடல்கள் பெரும்பாலும் இரண்டு டிகிரிகூடக் குளிரவில்லை என்று சொன்னது. மலைகளோ வேறு சொல்லின. ஹவாயில் சுமார் 4,200 மீட்டர் உயரமுள்ள மௌனா கியா எரிமலையில் இன்று பனியாறே இல்லை; ஆனால் அதன் உச்சியைச் சுற்றி மொரைன்கள் இருக்கின்றன. பனியுகத்தில் சுமார் 70 சதுர கிலோமீட்டர் பனித்தொப்பி அங்கே இருந்தது. ஆண்டீஸ், கிழக்கு ஆப்பிரிக்கா, நியூ கினி என வெப்பமண்டல மலைகள் பலவற்றிலும் பனிக்கோடு, அதாவது ஏறக்குறைய நம் சமநிலைக்கோடு, இன்றையதைவிடச் சுமார் 900 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. அதற்கு ஐந்து டிகிரிக்கு மேல் குளிர் தேவை. 1995இல் பிரேசிலின் நிலத்தடி நீரில் கரைந்திருந்த மந்த வாயுக்களை அளந்தவர்களுக்கும் சுமார் ஐந்து டிகிரி கிடைத்தது. பிற்காலக் கடல் மதிப்பீடுகளும் கிளைமாப் சொன்னதைவிடக் கூடுதல் குளிரையே காட்டுகின்றன. வறண்ட காற்றில் உயரத்துக்கு ஏற்ப வெப்பம் இன்னும் வேகமாகக் குறையும் என்பதால், மலை உச்சி கடலைவிட அதிகம் குளிர்ந்திருக்கும் என்பது மிச்ச இடைவெளியில் ஒரு பகுதியை விளக்குகிறது.

இமயமலை இதற்கு நேர்மாறான பாடம். கங்கோத்ரிப் பனியாறு ஒரு காலத்தில் இன்றைய முனையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் கீழே ஜாலா வரை இறங்கியிருந்தது. ஆனால் இமயத்தின் பல பள்ளத்தாக்குகளில் மிகப் பெரிய முன்னேற்றம், உலகம் மிகக் குளிர்ந்திருந்த காலத்தில் அல்ல, அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. பனியுகத்தின் உச்சத்தில் பருவக்காற்று தளர்ந்து பனிப்பொழிவு வற்றியதே இதற்குச் சொல்லப்படும் காரணம். குளிர் கூடியும் பனியாறு வளர வரவு இல்லை. மிகத் தாழ்ந்த மொரைனே மிகக் குளிர்ந்த காலம் என்று எடுத்துக்கொண்டால் இங்கே பல்லாயிரம் ஆண்டுகள் தவறிவிடும்.

கடைசியாகக் கிண்ணப் பள்ளத்துக்கு வருகிறேன். அதன் பெயர் சர்க். சரிவின் குழியில் தங்கிய சிறு பனியாறு தன் அடியைச் சுழற்றிச் சுரண்டி அதை உண்டாக்குகிறது. வட அரைக்கோளத்தின் நடு அகலாங்குகளில் சர்க்குகள் பெரும்பாலும் வடக்கு, வடகிழக்கு முகமாக இருக்கும். நிழலும் மேற்குக் காற்று முகட்டைத் தாண்டித் தள்ளிக் கொட்டும் பனியும் அந்தப் பக்கமே சேர்கின்றன. கடலிலிருந்து உள்நாட்டுக்குப் போகப் போக அவற்றின் தள உயரம் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தால், அன்று ஈரக்காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதுகூடத் தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய குழியைப் பாறையில் தோண்ட ஒரு பனியுகம் போதாது. பல பனியுகங்கள் வந்து வந்து குடைந்தது அது. ஆகவே சர்க்கின் தளம் சொல்வது பல லட்சம் ஆண்டுகளின் சராசரியை, எந்த ஒரு காலத்தின் குளிரையும் அல்ல. உங்கள் ஏரியின் வாயில் குறுக்கே தாழ்ந்த கல்வரம்பு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் குழியில் கடைசியாகக் குடியிருந்த பனியாறு விட்டுப்போனது அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். காலம் கேட்க வேண்டியது அதன் முகட்டில் நிற்கும் பாறைகளிடம்.